வாயைக் கட்டச் சொல்கிறார்கள்

1

எங்கம்மாவுக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. 2019ஆம் வருஷம் ஆடி மாசம் கடலைக் காட்டில் களை வெட்டும்போது முள் குத்தியிருக்கிறது. குத்தினதே அதுக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் செருப்பு ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்தது. வடமதுரையில் பஸ் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு மருத்துவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாயக் கட்டணும்மா. உங்க ஆளுகளுக்கு வாய்க்கட்டுப்பாடே கெடையாது. சொன்னாக் கேக்குற குணமும் கெடையாது."

"உங்க ஆளுகள்" என்றால் யார்? சர்க்கரை நோயாளிகளா? கிராமத்து ஜனங்களா? சீட்டில் எழுதியிருந்த காலனித் தெருவின் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே ஒரு வதைதான். சாதி இப்போதெல்லாம் நேரே வந்து நிற்பதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டு, 'நான் இருக்கிறேனா இல்லையா, கண்டுபிடி' என்று நம்மையே சந்தேகப்பட வைக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் எங்கம்மா பேசவில்லை. ஊருக்கு வருகிற சமயத்தில் கேட்டுச்சு: "ஏம் புள்ள, நா எப்ப வாயத் தொறந்தேன், இப்பக் கட்டுறதுக்கு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருக்கும் பதில்தான். நோய் ஒரு மனுசியின் குணக்கேடா? கட்டுப்பாடு இல்லாததற்குக் கிடைத்த தண்டனையா? இதை மருத்துவக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொண்டால் நாம் தோற்றுப்போவோம். இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வி.

2

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். குணத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. மனிதர்களின் ஆளுமையை உளவியலார் ஐந்து குணங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். புதியதை ஏற்கும் மனம், பொறுப்போடும் ஒழுங்கோடும் நடத்தல், கலகலப்பாகப் பழகுதல், இணங்கிப்போதல், எளிதில் கலங்கும் இயல்பு என்பவை அவை. மேல்நாடுகளில் நடந்த ஐந்து தொடராய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 35 ஆயிரம் பேரின் தகவல்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பொறுப்பு-ஒழுங்கு குணம் குறைவாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததாம். உடல் பருமனும் உடலுழைப்புக் குறைவும் இதற்கு ஓரளவு காரணம்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்கிறார்கள். கவனத்தோடு சாப்பிடு. பசிக்கிறதா, சும்மா வாய் கேட்கிறதா என்று பார். மென்று தின். டி.வி.யை அணைத்துவிட்டுத் தட்டைப் பார். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேர இருபது நிமிஷம் போல ஆகும், அதற்குள் அள்ளிப்போட்டால் அளவு மீறிப் போகும். இவையெல்லாம் பொய்யில்லை. வேகமாகச் சாப்பிடுவதற்கும் நீரிழிவுக்கும் இருக்கும் தொடர்பை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான் இவற்றை மறுக்கவில்லை. எனக்குத் தகராறு அடுத்த அடியில்தான். 'தொடர்பு' என்று விஞ்ஞானம் சொன்னது, ஆஸ்பத்திரி மேசைக்கு வரும்போது 'குற்றம்' ஆகிவிடுகிறது. எங்கே நடந்தது இந்த மாற்றம்?

பொறுப்பையும் ஒழுங்கையும் எப்படி அளக்கிறார்கள்? கேள்விகள் கேட்டுத்தான். திட்டமிட்டு நடக்கிறாயா, எடுத்த வேலையை முடிக்கிறாயா என்பது மாதிரிக் கேள்விகள். எங்கம்மா நாற்பது வருஷமாக விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருக்கிறது. களைவெட்டு, கடலை பிடுங்கல், பருத்தி எடுப்பு என்று சொன்ன நாளைக்குச் சொன்ன காட்டில் நின்றிருக்கிறது. காய்ச்சலோடும் போயிருக்கிறது. என்னைப் பெற்ற பதினாறாம் நாளும் போயிருக்கிறது. இது ஒழுங்கு இல்லையென்றால் எது ஒழுங்கு? ஆனால் அந்த ஒழுங்கு பூராவும் அடுத்தவன் காட்டில் செலவாகிப்போச்சு. தன் உடம்புக்கென்று எடுத்துவைக்க மிச்சம் இல்லை. மிச்சம் இல்லாததைப் பார்த்து, 'குணம் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

3

குணத்தையும் சாப்பாட்டையும் முடிச்சுப் போடுவது நமக்குப் புதுசில்லை. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் குணத்துக்கேற்ப உணவை மூன்றாகப் பிரிக்கிறது. நெய்ப்பும் ருசியும் உள்ள உணவு சாத்வீக குணத்தாருக்குப் பிடிக்குமாம். உறைப்பும் புளிப்பும் உப்பும் ராஜச குணத்தாருக்கு. ஆறியது, ஊசியது, பிறர் தின்று மிச்சம் வைத்தது, இவையெல்லாம் தாமச குணத்தாருக்குப் பிடித்தவையாம்.

மனுவின் பத்தாம் அத்தியாயம், ஊழியம் செய்கிற சூத்திரனுக்கு எச்சில் மிச்சத்தையும் பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு கை மிச்சத்தைக் கொடுக்கிறது. இன்னொரு கை, மிச்சத்தைத் தின்கிறவன் தாழ்ந்த குணத்தான் என்று எழுதுகிறது. சூத்திரனுக்கே மிச்சம்தான் என்றால், அவனுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு மிச்சத்தின் மிச்சம்.

இதில் 'பிடிக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஊசிப்போன சோறு யாருக்கய்யா பிடிக்கும்? கொடுத்ததைத் தின்றோம். பசி தின்ன வைத்தது. அதை எங்கள் விருப்பமாக மாற்றி, விருப்பத்தைக் குணமாக மாற்றி, குணத்தைப் பிறப்பாக மாற்றினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில், மாட்டுக்கறி தின்றதைக் காட்டித்தான் ஒரு பகுதி ஜனங்கள் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். தின்பதைக் காட்டி மனுசனை எடைபோடுவது இந்த மண்ணின் பழைய தொழில்.

அன்றைய சொல் தாமச குணம். இன்றைய சொல் வாய்க்கட்டுப்பாடு இல்லாத குணம். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. உளவியல் ஆய்வு சாதியைப் போதிக்கவில்லை, பிறப்பால் குணம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வு வந்து விழுகிற இடம் நம்முடைய மண். ஏற்கெனவே வெட்டிவைத்த வாய்க்கால் இருக்கும்போது, எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் அதில்தானே ஓடும்.

4

எங்கம்மா எப்படிச் சாப்பிடப் பழகுச்சு என்பதைச் சொல்கிறேன்.

ஒன்பது வயசில் பண்ணை வீட்டில் மாடு மேய்க்கப் போயிருக்கிறது. மத்தியானம் தொழுவத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டு அம்மா எட்ட நின்று கொண்டுபோன போசியில் கூழை ஊற்றும். கூழில் விரல் படக்கூடாது, போசியில் கரண்டி படக்கூடாது. தண்ணீர் கையேந்தித்தான். "தின்னுட்டு நிக்காத, சீக்கிரம் ஓடு, மாடு வெள்ளாமையில எறங்கிரும்." மாடு இறங்கினால் அடி விழும். ஒரு கண் போசியில், ஒரு கண் மாட்டில். அஞ்சு நிமிஷத்துக்குள் குடித்து முடித்தாக வேண்டும். மென்று தின்ன நேரமில்லை. என்ன ருசி என்று கேட்டால் அதுக்குச் சொல்லத் தெரியாது.

கலியாணம் ஆன பிறகும் அப்படித்தான். காட்டில் எல்லாப் பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்து வேகவேகமாக அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ராத்திரி வீட்டில் அப்பாவுக்கும் எங்களுக்கும் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் குத்தவைத்துச் சட்டியில் ஒட்டினதை வழித்துத் தின்னும். சில நாள் ஒன்றுமிருக்காது. சில நாள் மீந்துபோகும், 'வீணாப்போகுதே'ன்னு அத்தனையும் தின்னும். நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வீட்டில் இன்றைக்கு இருப்பதைத் தின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதைப் பேராசை என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணம் சேர்க்க ஒரு நூற்பாலைக்கு ரெண்டு வருஷம் வேலைக்குப் போனேன். வடமதுரை, வேடசந்தூர் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது மில்லுக்குப் போயிருப்பாள். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். அதில் கை கழுவும் வரிசை, தட்டு வாங்கும் வரிசை, கக்கூஸ் வரிசை எல்லாம் போகச் சாப்பிடக் கிடைத்தது ஏழெட்டு நிமிஷம். ராத்திரி ஷிப்டில் தூக்கம் தள்ளினால் இனிப்பு டீயும் பன்னும். விடிகாலையில் வந்து பசியும் தூக்கமுமாக ஒரு தட்டு சோற்றை முழுங்கிவிட்டுப் படுப்பேன். ராத்திரி வேலை தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நீரிழிவு வாய்ப்புக் கூடும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. இன்றைக்கும் கூட்டத்தில் தோழர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். என் கை இன்னமும் மில் மணிக்குப் பயந்துகொண்டிருக்கிறது.

கவனித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். சரி. அதற்கு மூன்று பொருள் வேண்டும்: நேரம், உட்கார ஓர் இடம், 'இது என் சோறு' என்கிற உரிமை. மூன்றையும் பறித்துக்கொண்டவர்கள் யார் என்று கேட்காமல் கவனத்தைப் போதிப்பது, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு 'முள்ளைப் பார்த்து நட' என்று சொல்வதுதான்.

5

இன்னொன்றும் இருக்கிறது. உடம்புக்கும் ஞாபகம் உண்டு.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி ஜெர்மானிய முற்றுகையால் பட்டினி கிடந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயசில் பரிசோதித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாள அதிகம் திணறியது. 1998இல் இந்த ஆய்வு வெளியானது. நம் நாட்டில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1993இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இங்கிலாந்துப் பிள்ளைகளைவிட எடை குறைந்தவர்கள், தசை குறைந்தவர்கள். ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு. சத்துக்குறைவான கருப்பையில், கிடைத்ததைச் சேமித்துவைக்க உடம்பு கற்றுக்கொள்கிறது என்று இதை விளக்குகிறார்கள். அப்படிப் பழகின உடம்புக்குப் பிற்பாடு தாராளமாக மாவுச்சத்து கிடைக்கும்போது தாங்க முடிவதில்லை.

சத்துக்குறைவோடு தொடர்புடைய நீரிழிவைத் தனி வகையாக, 'ஐந்தாம் வகை' என்று, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல்தான் ஏற்றுக்கொண்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வுக்கு அதில் பங்குண்டு. எங்கம்மாவுக்கு இருப்பது அதுவல்ல, இரண்டாம் வகைதான். ஆனாலும் சேதி ஒன்றுதான். தின்றதால் மட்டுமல்ல, தின்னாமல் கிடந்ததாலும் இந்த நோய் வரும்.

ஒரு குளிர்காலத்துப் பசிக்கே ஐம்பது வருஷம் கழித்து உடம்பு கணக்குச் சொல்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், அரைவயிற்றோடு பிள்ளை சுமந்து நாற்று நட்ட நம் பெண்களின் கணக்கை யார் எடுத்தார்கள்? மணிமேகலைக் காப்பியம் பசியைப் பிணி என்றே சொல்லும். தமிழ் படித்தபோது அதை ஒரு நல்ல உருவகம் என்று நினைத்துப் பரீட்சையில் எழுதினேன். எங்கம்மா காலைப் பார்த்த பிறகுதான் அது உருவகம் இல்லை என்று தெரிந்தது. பசிப்பிணி தீர்ந்த பிற்பாடும் உடம்பை விட்டுப் போவதில்லை. வேறு பெயரில் திரும்பி வருகிறது.

எங்கள் பக்கம் மேட்டுக்காடு. கம்பும் சோளமும் கேப்பையும்தான் சாப்பாடு. மொச்சை, தட்டப்பயறு, காட்டுக்கீரை, வயல் நண்டு, நத்தை, மாட்டுக்கறி உப்புக்கண்டம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். நெல்லுச்சோறு தின்பவன் பெரிய மனுசன், கூழ் குடிப்பவன் சின்ன மனுசன். ஆகவே 2008இல் ரேஷனில் கிலோ அரிசி ஒரு ரூபாய் என்று ஆனபோதும், 2011இல் விலையில்லாமல் கொடுத்தபோதும் எங்கள் தெருவில் அது வெறும் அரிசியாக வரவில்லை. மரியாதையாக வந்தது. மூணு வேளையும் வெள்ளைச் சோறு. கூலிக்காகப் பண்ணை வாசலில் நிற்கத் தேவையில்லை என்கிற தைரியம். அந்த அரிசியைக் கேலி செய்பவன் பசி தெரியாதவன்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தட்டில் சோறு மலையாக ஏறியது, பயறும் கீரையும் இறங்கியது. கறியைக் கேவலம் என்று சொல்லிச் சொல்லி நாங்களே ஒளித்தோம், பிறகு விட்டோம். பள்ளிக்கூடத்துத் தூக்கில் கறி இருந்தால் மூடியால் மறைத்துத் தின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தீட்டப்பட்ட வெள்ளை அரிசி அதிகமாகத் தின்பவர்களிடம் நீரிழிவு கூடுதல் என்பதைச் சென்னை ஆய்வுகளே சொல்கின்றன. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4. தமிழ்நாட்டில் 14.4. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே நேரத்தில் குணம் கெட்டுப்போனதா?

6

கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு வரும் நோய் என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இன்னும் ஒன்று. அண்ணல் அம்பேத்கருக்கு நீரிழிவு இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இந்தியாவில் அவரைவிடக் கட்டுப்பாடான வாழ்க்கை வாழ்ந்தவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், இல்லையென்றால் தாகம். 1920களின் தொடக்கத்தில் லண்டனில் அரைவயிற்றோடு நூலகமே கதியென்று கிடந்தார். 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய மக்கள் சாப்பிடும் வேளையில் சாதி இந்துக்கள் புகுந்து அடித்தார்கள், சமைத்த சோற்றை மண்ணோடு கலந்தார்கள். அந்தக் கூட்டத்தைத் திருப்பி அடிக்கவிடாமல் நிறுத்தியது அவருடைய கட்டுப்பாடுதான்.

1940களிலேயே அவருக்குச் சர்க்கரையும் நரம்பு வலியும் இருந்தது. 1948 ஏப்ரல் 15இல் அவர் மணந்துகொண்ட சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். அவருடைய பராமரிப்பில் இருந்துகொண்டுதான் அரசியல் சட்ட வேலையை முடித்தார். 1954இல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பவுத்தம் தழுவினார். டிசம்பர் 6 அதிகாலை அவர் உயிர் தூக்கத்திலேயே போயிருந்தது. முந்தின ராத்திரியும் எழுத்து வேலைதான்.

அவருக்கு வந்ததை உழைப்பின் களைப்பு என்கிறோம். எங்கம்மாவுக்கு வந்தால் வாய்க்கொழுப்பா? இரண்டு பேர் உடம்பிலும் இருந்தது ஒரே சர்க்கரைதான்.

7

அம்பேத்கர் போய்ச்சேர்ந்த புத்தரிடமே இந்தக் கவனத்தோடு சாப்பிடும் பேச்சுக்கும் மூலம் இருக்கிறது. இன்றைக்குப் பணக்கார நகரங்களில் விலைக்கு விற்கப்படும் சரக்கு, சங்கத்தின் பொதுச்சொத்து.

சம்யுக்த நிகாயத்தில் ஒரு சிறிய கதை. கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒரு வேளைக்கு ஒரு துரோணம் அரிசிச் சோறு தின்பவன். தின்றுவிட்டு மூச்சு வாங்க புத்தரிடம் வந்து உட்காருகிறான். புத்தர் அவனைத் திட்டவில்லை. கட்டுப்பாடில்லாதவன் என்று சொல்லவில்லை. நினைவோடு, அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், மெல்ல மூப்படைவான் என்ற கருத்தில் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னன் பக்கத்தில் நின்ற சுதஸ்ஸனன் என்கிற இளைஞனை அழைத்து, இதைப் பாடம் பண்ணிக்கொண்டு நான் சாப்பிடும்போதெல்லாம் சொல், தினமும் நூறு காசு தருகிறேன் என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நாழி அளவுக்கு வந்து உடம்பு இளைத்து, மன்னன் தன் கைகால்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தான் என்று கதை முடிகிறது.

எனக்கு இதில் ரெண்டு விஷயம் படுகிறது. ஒன்று, புத்தர் குணத்தைப் பேசவில்லை, பழக்கத்தைப் பேசினார். குணம் உன்னோடு ஒட்டிக்கொண்டது, நீயே அது என்று சொல்வார்கள். பழக்கம் வந்தது, போகக்கூடியது. பிறப்பால் வந்த குணம் என்பதை மறுத்த ஒருவர் வேறு எப்படிப் பேசுவார்? இரண்டு, ராஜாவாலேயே தனியாக முடியவில்லை. நினைவூட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவனுக்குச் சம்பளமும் வேண்டியிருந்தது. எங்கம்மாவுக்குச் சுதஸ்ஸனன் யார்?

வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறை அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கியிருக்கிறார். முன்பு தின்றது செரித்ததா என்று பார்த்து, பசித்த பிறகு தின்னச் சொல்கிறார். நம் மரபில் இந்த ஞானம் இருக்கிறது. இதை நடுத்தர வர்க்கத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வாயைக் கட்டுவது வேறு, நினைவோடு உண்பது வேறு. வாயைக் கட்டச் சொல்பவன் உன் மேலே நிற்கிறான். நினைவோடு உண்ணச் சொல்பவன் உன் பக்கத்தில் உட்காருகிறான்.

8

இங்கே நம் பக்கத்துத் தவறையும் பேசியாக வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரை அரைப்பொய் ஆகிவிடும்.

எங்கள் இயக்கத்தில் ஒரு தோழர் இருந்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு கரண்டி சீனி. சுவரொட்டி ஒட்டிவிட்டு ராத்திரி ஒரு மணிக்குப் புரோட்டா. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும் மாத்திரை போடமாட்டார். கேட்டால், "தோழர், இதெல்லாம் நடுத்தர வர்க்கத்துக் கவலை. சமூகம் மாறாம ஒடம்பு மாறாது" என்பார். நாங்கள் சிரித்தோம். அவர் அப்படிச் சொல்வதை ரசிக்கவும் செய்தோம். நாற்பத்தாறு வயசில் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனார். அவர் பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பு.

'எல்லாம் சமூக அமைப்பின் குற்றம்' என்று சொல்லி நாமும் அவரைக் கைவிட்டோம். மருத்துவர் 'எல்லாம் உன் குற்றம்' என்று கைவிட்டதுக்கும் இதுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை.

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூணு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டு முறையை மாற்றவும் தினமும் அரைமணி நேரம் நடக்கவும் தொடர்ந்து உதவி பெற்றவர்களில் 39 பேருக்கு வந்தது.

இந்த ரெண்டு எண்ணையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உதவி கிடைத்தும் 39 பேருக்கு நோய் வந்தது. ஆகவே நோயாளியைப் பார்த்து 'நீ கட்டுப்பாடாக இருந்திருந்தால் வந்திருக்காது' என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், வந்திருக்க வேண்டிய 16 பேருக்கு அந்த மூணு வருஷத்தில் வரவில்லை. ஆகவே 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல எந்தப் போராளிக்கும் உரிமை இல்லை. அந்த 16 பேரில் ஒருவராக என் தோழர் இருந்திருக்கலாம். அவர்களுக்குக் கிடைத்தது திட்டு அல்ல, திரும்பத் திரும்ப வந்து விசாரித்த ஆட்கள். அதாவது சுதஸ்ஸனன்கள்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. என் காலில் முள் குத்தியது என் குற்றம் இல்லாமல் இருக்கலாம். முள்ளை எடுப்பது என் பொறுப்புத்தான். கை எட்டாத இடமென்றால் பக்கத்தில் இருப்பவரின் பொறுப்பு. முள்ளைப் போட்டவனைக் கேள்வி கேட்பது நம் எல்லோருடைய பொறுப்பு. இந்த மூன்றில் எதைச் சொல்லியும் மற்ற ரெண்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ரேஷனில் அரிசியோடு கம்பும் சோளமும் பயறும் வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், எங்கள் மேட்டுக்காட்டுக்கு ஏன் இல்லை? மில்லில் உட்கார்ந்து மென்று தின்ன நேரம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறது, நல்லது. வருபவர் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். நமக்குள்ளும் செய்ய வேண்டியது இருக்கிறது. நம் கூட்டங்களில் சீனி போட்ட டீயைத் தவிர வேறும் இருக்கட்டும். முப்பது வயசு தாண்டியவர்கள் ரத்தம் பார்க்கட்டும். வெறும் வயிற்றில் 126ம் அதற்கு மேலும் இருந்தாலோ, மூணு மாசச் சராசரி 6.5ம் அதற்கு மேலும் இருந்தாலோ அது நீரிழிவு. வெறும் வயிற்றில் நூறைத் தாண்டினாலே வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்கட்டும். எங்கம்மா அதைப் பார்க்காமல்தான் விரலைக் கொடுத்தது.

9

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். அடுப்பங்கரையில் குத்தவைத்துத் தின்பது கிடையாது. எங்கம்மாவுக்குத்தான் முதல் தட்டு. முதலில் கீரையோ அவரைக்காயோ பயறோ, பிறகு கொஞ்சமாகச் சோறு, இல்லையென்றால் கம்பு. ஆரம்பத்தில் அது தவித்துப்போச்சு. "எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில எப்பிடித் திங்க?"ன்னு கூச்சப்பட்டுச்சு. அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கும். நான் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். "மாடு ஒண்ணும் வெள்ளாமையில எறங்கல, உக்காரும்மா."

ஒரு நாள் வேகவைத்த மொச்சையை ஒவ்வொன்றாக மென்றுகொண்டே சொன்னுச்சு: "இத்தன வருசமாத் திங்கிறேன், இப்பத்தான் புள்ள மொச்சைக்கு ஒரு இனிப்பு இருக்குன்னு தெரியுது."

சர்க்கரை அடியோடு போய்விடவில்லை. இருநூறுக்குக் கீழே நிற்கிறது, சில மாசம் ஏறுகிறது. ராத்திரியில் கால் எரிகிறது. போன தடவை பரிசோதனைக்குப் போனபோது வேறொரு மருத்துவர். சீட்டைப் பார்த்துக்கொண்டே, "வாயக் கட்டணும்மா" என்று ஆரம்பித்தார். எங்கம்மா மறித்துச்சு.

"கட்டுறது இருக்கட்டும் சார். ராத்திரியில எங்காலு ஏன் எரியுது? அத மொதல்ல சொல்லுங்க."

அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி எங்கம்மா முகத்தைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு விளக்கமாகச் சொல்லத் தொடங்கினார். அது கேட்டுக்கொண்டே இருந்துச்சு. நடுநடுவே இன்னும் ரெண்டு கேள்வியும் கேட்டுச்சு.